மறுநாள் தேதி

புதிதாகப் பார்க்கிறவர்களை அந்தக் கட்டடம் கொஞ்சம் குழப்பும். ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், ஆனால் வாசல் இரண்டு. இடது வாசலில் நுழைந்தால் நூலகம். வலது வாசலில் நுழைந்தால் புறக்காவல் நிலையம். ஒரு காலத்தில் தபால் நிலையமாக இருந்ததை நகராட்சிக்காரர்கள் நடுவில் பலகை அடித்து இரண்டாக்கினார்கள். அடித்த பலகையில் ஒரு கதவும் வைத்தார்கள். எதற்கு என்று கேட்டால் வைத்த தச்சனுக்கே தெரியாது. கதவு இருந்தது நூலகத்தின் கடைசி அலமாரிக்குப் பின்னால், வரிச் சட்டப் புத்தகங்கள் பக்கம். அந்தப் பக்கம் கரையான்கூட எட்டிப் பார்க்காது.

இருபத்திரண்டு வருடமாக அந்த நூலகத்தைக் கட்டிக் காத்தவரைத் தெரு ‘லைப்ரரியம்மா’ என்று கூப்பிட்டது. அடுத்த அறைப் போலீஸ்காரருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவோ, தெரு வைத்த பெயர் ‘சமாதானம்’. யார் என்ன புகாரோடு வந்தாலும், “முதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க” என்பார். தண்ணீர் உள்ளே இறங்குவதற்குள் பாதிக் கோபமும் இறங்கிவிடும். மீதியை அவரே சைக்கிள் எடுத்துக்கொண்டு போய்ப் பேசித் தீர்ப்பார். புகார்ப் புத்தகத்தை மட்டும் திறக்கமாட்டார். “எழுதினா கோர்ட்டு வரைக்கும் போகும் தங்கச்சி. பேசினா வீட்டோட முடிஞ்சிரும்” என்பது அவர் சித்தாந்தம்.

லைப்ரரியம்மாவும் அதே ரகம்தான். வாசல் மேசையில் வருகைப் பதிவேடு, கயிறு கட்டிய பேனாவோடு கிடக்கும். கையெழுத்து வராமல் விரலை மடக்கிக்கொண்டு நிற்கும் கிழவர், வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் இஸ்திரிச் சட்டையோடு வந்து உட்காரும் மனிதர், மின்விசிறிக் காற்றுக்காக வரும் பிள்ளைத்தாய்ச்சி என்று ஒரு நாளைக்கு அறுபது பேராவது வருவார்கள். ஒருவரையும் அவர் வாசலில் நிறுத்திப் பெயர் கேட்டதில்லை. “பேனா எங்க ஓடிடப்போகுது, உள்ள வாங்க” என்பார். உள்ளே வந்தவர்கள் பேனாவை மறந்துவிடுவார்கள்.

பச்சைப் பைக்காரி வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு பச்சைத் துணிப்பை, முழங்கை தாண்டி இழுத்துவிட்ட ரவிக்கை. உறுப்பினர் அட்டை அவள் புருஷன் பெயரில் இருந்தது. வீட்டு முகவரிச் சான்று அவன் பெயரில்தானே இருக்கும்! மூன்றாவது தடவை வந்தபோது மேசையின்மேல் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, நாளைக்கே திருப்பித் தரணும்னு தேதி போட முடியுமா?”

“எதுக்கும்மா? பதினாலு நாள் இருக்கே. நிதானமாப் படி.”

“படிக்க இல்லக்கா. வெளிய வர.”

லைப்ரரியம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த நீள ரவிக்கைக் கையை. முத்திரையின் பல்சக்கரத்தைத் திருப்பி மறுநாள் தேதி வைத்து அழுத்தினார்.

அவள் புருஷன் லாரி எடைமேடையில் மேற்பார்வையாளன். இவனுக்கு ‘அவர்’ போட மனம் வரவில்லை, மன்னிக்கவும். ஷிப்டு முழுக்க எடைச் சீட்டில் முத்திரை குத்துவதுதான் அவன் வேலை. மனிதன் சொன்னால் நம்பமாட்டான், முத்திரை சொன்னால் நம்புவான். பால் வாங்கப் போகிறேன் என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்பவன், கடைக்குப் போகிறேன் என்றால் கூடவே கிளம்புகிறவன், புத்தகத்தில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்த்தால் மட்டும் அடங்கிப்போவான். ஏனென்றால் தவணை தாண்டினால் அவன் பெயருக்கு நோட்டீஸ் வரும். அரசாங்க உறையில் தன் பெயர் வருவதை அவனால் தாங்க முடியாது. “போ, குடுத்துட்டு வா, என் பேரைக் கெடுக்காத” என்று அவனே துரத்துவான். சின்ன நூலகம், ஒரே நாள்தான் தருவார்கள் என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். முத்திரையும் அதையே சொன்னது.

அவளுக்கென்று லைப்ரரியம்மா ஒரு புத்தகத்தை ஒதுக்கி வைத்தார். தேனீ வளர்ப்பு பற்றியது, தலையணை மாதிரி கனம், பத்து வருடமாக ஒருவரும் தொட்டதில்லை. அவள் அதையே கொண்டுவருவாள், அதையே கொண்டுபோவாள். “ஒரு புத்தகத்துக்கு ஒரு வருஷமா? மக்கு” என்று அவன் திட்டுவானாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கொஞ்சம் சிரிப்பாள்.

புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு வரிச் சட்ட அலமாரிக்குப் பின்னால் போவாள். கதவைத் தள்ளினால் சமாதானத்தின் அறை. போலீஸ் வாசலில் அவள் நுழைந்ததைத் தெருவில் ஒருவர் பார்த்திருக்க முடியாது. அங்கே அரை மணி நேரம் உட்காருவாள், ஒரு தம்ளர் தேநீர் குடிப்பாள். சில நாள் பேசுவாள், சில நாள் அழுவாள், பல நாள் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் நாளே சமாதானம் கையை உயர்த்திச் சொல்லிவிட்டார்: “பேரைச் சொல்லாதம்மா. பேரு தெரிஞ்சா நான் எழுதணும். எழுதினா அவனைக் கூப்பிடணும். தெரியாமலே இருக்கட்டும்.”

அவள் வந்துபோன மாலைகளில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் தெருவழியாக ஒரு சுற்று வருவார். அந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் மணியை இரண்டு தடவை அடிப்பார். அவள் ரவிக்கைக் கை நீளமாக மூடியிருந்த நாட்களில் எடைமேடை வரைக்கும் போய், “என்னப்பா, சௌக்கியமா? சும்மா இந்தப் பக்கம் வந்தேன்” என்பார். அவ்வளவுதான். அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டில் சத்தம் இருக்காது.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில்தான் மண் விழுந்தது.

லைப்ரரியம்மாவின் தம்பி நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சர். ஒரு மத்தியானம் அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். குரல் உள்ளே போயிருந்தது.

“அக்கா, வர்ற வருஷப் பட்ஜெட்டுல பெரிய வெட்டு. மூணு கிளை நூலகம், ரெண்டு புறக்காவல் நிலையம் மூடுறாங்க. பட்டியலை நான்தான் அடிச்சேன்.”

“எங்களுதும் இருக்காடா?”

“இருக்கு. ரெண்டுமே இருக்கு. உன் பதிவேட்டுப்படி ஒரு நாளைக்குப் பதினோரு பேருதான் வர்றாங்க. அந்தப் போலீஸ்காரர் புத்தகத்துல வருஷத்துக்கு நாலு புகார். அதுல ஒண்ணு காணாமப் போன சைக்கிள், அதுவும் மறுநாளே கிடைச்சிருக்கு. ஆளே வராத இடத்துக்கு எதுக்குச் செலவுன்னு கேக்குறாங்க.”

“அறுபது பேர் வர்றாங்கடா!”

“எழுத்துல எங்கக்கா இருக்கு?” என்றான் தம்பி.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே கறி கொதித்துக்கொண்டிருந்தது, ஏட்டில்தான் சுரைக்காய் இல்லை. நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த பணம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி வருடா வருடம் குறைந்தபோதெல்லாம் அவர் கவலைப்பட்டதில்லை. பத்திரிகைகள் நின்றன, சமாளித்தார். கூட்டுகிறவர் நின்றார், தானே கூட்டினார். கட்டெறும்பும் செத்துப்போகும் என்று நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் கடைசி அலமாரிக்குப் பின்னால் இருவரும் நின்று பேசினார்கள்.

“நம்ம நல்ல மனசே நமக்கு வினையாப் போச்சு தங்கச்சி,” என்றார் சமாதானம். “ஒரே வழிதான். அந்தப் பொண்ணு வந்த நாளையெல்லாம் நான் எழுதினா நூறு புகாருக்கு மேல தேறும். அப்புறம் என் நிலையத்தை மூட முடியாது. கதவும் தப்பிக்கும்.”

“அவகிட்ட கேக்காம எப்படிண்ணே?”

“கேளு.”

மறுநாள் கேட்டார். பச்சைப் பைக்காரி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“எழுதினா அவருக்கு ஓலை போகும்ல அக்கா?”

“போகும்.”

“ஓலை வீட்டுக்கு வர்ற அன்னைக்கு நானும் வீட்லதானே இருப்பேன்?”

அவளுக்குப் போக வேறு வீடு இல்லை என்பது லைப்ரரியம்மாவுக்குத் தெரியும். தாய் தகப்பன் இல்லை. அண்ணன் இருக்கிறான், ஆனால் புருஷன் பக்கம் பேசுகிற அண்ணன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். நகராட்சித் தலைவி மோசமானவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “எங்களுக்கும் மனசு இருக்கும்மா. ஆனா மனசை இந்தத் தாள்ல எந்தக் கட்டத்துல எழுதுறது? யாருக்காவது இந்த இடத்தால உயிர் பிழைச்சதுன்னு ஒரே ஒரு ஆதாரம் குடுங்க, நான் சண்டை போடுறேன்” என்றார்.

லைப்ரரியம்மா எழுந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அப்போதுதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். எடைமேடைக்காரன் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவள். மடியில் பச்சைப் பை. அவள் தலையை அசைக்கவில்லை, கையைக் காட்டவில்லை. கண்ணை மட்டும் இவர்மேல் வைத்திருந்தாள்.

லைப்ரரியம்மா மின்விசிறியைப் பற்றிப் பேசினார். செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்களைப் பற்றிப் பேசினார். பேசப் பேச அவருக்கே அது அற்பமாகப் பட்டது. இரண்டு நிமிட மணி அடித்தது. உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரோ, “விசிறிக்காகவா ஒரு லைப்ரரி?” என்று சொன்னதும் சிரிப்பு எழுந்தது. சமாதானம் எழுந்திருக்கவே இல்லை.

மூடும் நாள் வந்தது. சாமான் வண்டிக்காரர்கள் புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கினார்கள், செங்கல் அடுக்குவது போலத்தான். அலமாரிகள் காலியானதும் கடைசிக் கதவு முதன்முறையாக எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. “இங்க ஒரு கதவா?” என்று வண்டிக்காரர் ஒருவர் ஆச்சரியப்பட்டார். சமாதானம் அந்தப் பக்கத்திலிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவரை மறுநாளிலிருந்து பெரிய நிலையத்தில் போக்குவரத்துப் பணிக்குப் போட்டிருந்தார்கள்.

நான்கு மணிக்குப் பச்சைப் பைக்காரி வந்தாள். வெற்று அறையில் அவள் செருப்புச் சத்தம் பெரிதாகக் கேட்டது. புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

“திருப்பித் தர வந்தேன் அக்கா.”

“எத்தனாம் பக்கம் வந்திருக்க?”

“நானூத்திப் பத்து. இன்னும் முப்பது பக்கம்.” கொஞ்சம் நிறுத்தி, “சும்மா பிரிச்சுப் பார்த்தது, பிறகு நெசமாவே படிச்சிட்டேன்” என்றாள்.

காலிப் பையோடு அவளை அனுப்ப லைப்ரரியம்மாவுக்கு மனம் வரவில்லை. “நீயே வச்சுக்கோம்மா. இது என் பரிசு. முடிச்சிரு” என்றார். சொல்லிக்கொண்டே கை பழக்கத்தில் சக்கரத்தைத் திருப்பி, மறுநாள் தேதியைக் குத்தியும்விட்டது. இருவரும் அந்த ஈர முத்திரையைப் பார்த்தார்கள். மறுநாள் அங்கே நூலகமே இருக்காது. லைப்ரரியம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள்தான் இவரைத் தேற்றினாள். “பார்த்துக்கிறேன் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொடுத்த புத்தகத்தை இரவல் கணக்கிலிருந்து நீக்கி ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அவருக்கு எழுதித்தான் பழக்கமில்லையே.

லைப்ரரியம்மாவை மத்திய நூலகத்துக்கு மாற்றினார்கள். இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய தூரம். அங்கே திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கும் வேலை. முகப்பில் ஒரு சின்னப் பெண் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண், கெட்டிக்காரி. மூடிய கிளைகளின் இரவல் அட்டைகளை ஒன்றுவிடாமல் கணினியில் ஏற்றி, தவணை தாண்டிய எல்லோருக்கும் ஒரே நாளில் நோட்டீஸ் அனுப்பி, மேலதிகாரியிடம் பாராட்டும் வாங்கினாள்.

ஐந்தாவது வாரம், காலை பத்தரை மணி. லைப்ரரியம்மா அலமாரிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். முகப்பில் ஒரு குரல் கேட்டது.

“வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கு. என் வாழ்க்கையில இதுதான் முதல் நோட்டீஸ்.”

எடைமேடைக்காரன். கையில் அரசாங்க உறை, இன்னொரு கையில் தேனீப் புத்தகம். பச்சைப் பை இல்லை.

“பரவாயில்ல சார், நிறைய பேருக்குப் போயிருக்கு,” என்றாள் அந்தப் பெண். “பதினாலு நாள்ல தந்திருக்கணும், அவ்வளவுதான்.”

“பதினாலா? ஒரு நாள்தானே?”

“இல்ல சார். எல்லாக் கிளையிலயும் பதினாலுதான். எப்பவுமே அப்படித்தான்.”

அவன் புத்தக அட்டையைத் திறந்து தேதிச் சீட்டின்மேல் விரலை வைத்தான். எடைச் சீட்டு சரிபார்க்கிறவனின் விரல் அது. வரிவரியாக இறங்கியது. ஒரு சீட்டின்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தான். அவசரமே இல்லை. தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி லைப்ரரியம்மா நின்றார்.

“இந்தச் சீட்டை நான் எடுத்துக்கலாமா?” என்று கேட்டான்.

“எடுத்துக்கோங்க சார். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லதான்,” என்றாள் அந்தப் பெண் சிரித்த முகமாக.

நகத்தால் பதமாகக் கிளப்பி எடுத்தான். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். திரும்பும்போது லைப்ரரியம்மாவைப் பார்த்துவிட்டான்.

“நீங்க அங்க இருந்தவங்கதானே?” என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். பதிலுக்கு நிற்கவில்லை.

சமாதானத்துக்கு ஐந்தாவது தடவைதான் தொலைபேசி கிடைத்தது. நாற்சந்தியில் வாகன இரைச்சலுக்கு நடுவே, “என்ன? என்ன?” என்றார். விஷயம் புரிந்ததும் ஒரு வார்த்தைதான் சொன்னார்: “வர்றேன்.” பழைய நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்குச் சைக்கிளில் நான்கு நிமிடம். நாற்சந்தியிலிருந்து அவர் வந்துசேர ஒரு மணி நேரம் ஆனது. லைப்ரரியம்மாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.

வீடு பூட்டியிருந்தது. சமாதானம் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டு அம்மாள் பாத்திரம் துலக்கிய கையோடு வெளியே வந்தார்.

“இப்பத்தான் ஒரு கார் வச்சுக் கிளம்பினாங்க. வேற ஊருக்கு மாத்தலாயிருச்சாம்.”

“அந்தப் பொண்ணு நடந்து போச்சா?” என்று கேட்டார் லைப்ரரியம்மா. அப்படி ஒரு கேள்வி தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே பயமாக இருந்தது.

“அவர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. மூஞ்சி தெரியலைங்க, துணி போத்தியிருந்துச்சு.”

வாசல் ஓரத்தில் குப்பையோடு பச்சைப் பை கிடந்தது. லைப்ரரியம்மா எடுத்து உதறினார். உள்ளே ஒன்றுமில்லை.

பெரிய நிலையத்தில் கூட்டமாக இருந்தது. சமாதானம் சீருடையில் இருந்தும் வரிசையில்தான் நின்றார். எழுத்தர் புதிய தாளை எடுத்துக் கோடு போட்டார்.

“காணோம்னு எழுதணுமா? பேரு சொல்லுங்க.”

சமாதானம் லைப்ரரியம்மாவைப் பார்த்தார். லைப்ரரியம்மா சமாதானத்தைப் பார்த்தார். இரண்டு வருடம் ‘வாம்மா’ என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள்.

“பேரு தெரியாதுங்க,” என்றார் லைப்ரரியம்மா. “புருஷன் பேரு தெரியும். அட்டையில இருந்துச்சு.”

எழுத்தர் அவன் பெயரை எழுதி, பக்கத்தில் ‘என்பவரின் மனைவி’ என்று சேர்த்தார்.

“அடிக்கிறான்னு சொல்றீங்க. இதுக்கு முன்னாடி புகார் ஏதாவது பதிவாகியிருக்கா?”

“இல்ல,” என்றார் சமாதானம். “நான் எழுதல.”

“எழுத்துல ஏதாவது ஆதாரம்?”

“ஒரு சீட்டு இருந்துச்சு,” என்றார் லைப்ரரியம்மா. “அதை அவனே எடுத்துட்டுப் போயிட்டான்.”

எழுத்தர் தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். “கீழ கையெழுத்துப் போட்டு, தேதி போடுங்கம்மா.”

லைப்ரரியம்மா பேனாவை வாங்கினார். கண்ணீரில் கோடு தெரியவில்லை, ஆனாலும் கை தானாக எழுதியது. எழுத்தர் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“இது நாளைக்குத் தேதி போட்டிருக்கீங்க,” என்றார். “அடிச்சிட்டு இன்னைக்குத் தேதி போடுங்கம்மா.”